ஒரு டெசிபல் கூட

விலை கூடின வயரைப் போட்டால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று நான் யாருக்கும் பொய் சொல்லி விற்றதில்லை. தில்லையடியில் என் கடைக்கு வந்து போகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சேர். கல்யாண வீட்டுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்கிறவர்கள், பள்ளிவாசல் மைக் செட்டைத் திருத்தக் கொண்டு வருகிறவர்கள், வேனுக்குப் பாட்டுப் பெட்டி பூட்டுகிறவர்கள், எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஹில்மி நானா தேவையில்லாத சாமானைத் தலையில் கட்டமாட்டார். "இந்த வயர் போதும், மிச்சக் காசுக்கு வீட்டுக்கு மீன் வாங்கிக்கொண்டு போங்க" என்று நானே சொல்லி அனுப்புவேன்.

ஒரே ஒருவருக்குத்தான் தேவையில்லாத சாமான் விற்றேன். அத்தாஉல்லா ஹாஜியாருக்கு. அதைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

வயரோ ஸ்பீக்கரோ, எந்தப் புதுச் சாமான் வந்தாலும் நான் திரை போட்டுத்தான் சோதிப்பேன். கேட்கிறவர் கதிரையில் இருப்பார். நடுவில் கறுப்புத் துணி. துணிக்குப் பின்னால் நான் காசைச் சுண்டிப் பார்த்து, பழைய வயரையோ புது வயரையோ மாட்டுவேன். எது ஓடுகிறது என்று அவருக்குத் தெரியக் கூடாது. இப்படி இருபது தரம். எது என்று தெரிந்துகொண்டு கேட்டால் இல்லாததும் கேட்கும், சேர். அதில் யாருடைய குற்றமும் இல்லை, காதின் சுபாவம் அப்படி. திரையைப் போட்டுவிட்டால் வாத்தியாரும் ஒன்றுதான், மீன் விற்கிறவரும் ஒன்றுதான். இருபதில் பத்தோ பதினொன்றோ சரியாகச் சொல்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும்.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு வயரிலும் சத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். சீனிக்குக் கிலோ மாதிரிச் சத்தத்துக்கு டெசிபல். அதை அளக்க என்னிடம் கையடக்கமான மீட்டர் ஒன்று இருக்கிறது. இந்தப் பொலிசில் உங்கள் மேசைமேல் இப்போது இருப்பது அதுதான்.

றிம்ஸான் என் கூடப்பிறந்த தம்பி, நான் அவனுக்கு நானா. தொண்ணூறில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்குப் பதினான்கு வயது, அவனுக்கு மூன்று. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். வள்ளத்தில் உம்மாவின் மடியில் உடுப்பு மூட்டை இருந்தது, தம்பி என் மடியில் இருந்தான். கற்பிட்டிக் கரைக்குக் கிட்ட வரும்போது வள்ளம் தண்ணீர் எடுக்கத் தொடங்கியது. எல்லாருமாகச் சேர்ந்து கூப்பிட்டோம். கரையில் நின்றவர்களுக்கு அது கேட்டது. அவர்கள் வள்ளம் தள்ளிக்கொண்டு வந்து எங்களை ஏற்றினார்கள். முன்பின் தெரியாதவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கரையில் கூப்பிட்டால் கேட்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

உம்மா அகதி முகாமிலேயே போய்விட்டார். தம்பியை நான்தான் வளர்த்தேன். தொழிலைச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன், அவனுக்கு வயர் ஒட்ட ஈயம் உருக்கும் மணம் ஒத்துவரவில்லை. "தலை சுத்துது நானா, நான் கடலுக்குப் போறேன்" என்றான். களப்பில் மீன்பிடிக்கப் போனான். யாகப்பு என்று கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெடியன், அவனுடைய கூட்டாளி. இரண்டு பேருக்கும் ஒரு வள்ளம்.

அத்தாஉல்லா ஹாஜியாருக்குக் களப்போரத்தில் இறால் பண்ணை இருந்தது, பக்கத்திலேயே பங்களா. பண்ணைக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் முகத்தில் மன்னார் ஆட்கள் வலை போடுகிறார்கள் என்று அவர் முறைப்பாடு செய்திருந்தார். ஒரு தடவை அவருடைய ஆட்கள் தம்பியின் வலையை இழுத்துக் கரையில் போட்டார்கள். தம்பி பங்களா வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டான். ஹாஜியார் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஒருவனுடைய குரலை ஞாபகம் வைத்திருக்க அது போதும்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஜூலை மாதம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக அடிக்கிற காலம். உச்சமுனைப் பக்கம் போய்த் திரும்பி வரும்போது எஞ்சின் நின்று, அலை பக்கவாட்டில் அடித்து வள்ளம் கவிழ்ந்தது. யாகப்பு எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். தம்பி கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். மஹ்ரிப் நேரம், பொழுது பட்டுக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் பங்களா அரை மைல் தூரம் இருக்கும். விறாந்தையில் லைட் எரிந்தது. வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் கதிரையில் இருந்தது யாகப்புவுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். இறங்குதுறையில் எஞ்சின் பூட்டிய போட் கட்டிக் கிடந்தது. அந்த ஆள் எழும்பினார், கொஞ்சம் நின்றார், உள்ளே போனார். திரும்பி வரவில்லை. இது யாகப்பு சொன்னது.

தம்பி ஒரு மணித்தியாலம் அளவு தாக்குப் பிடித்திருக்கிறான். யாகப்பு நீந்தி ஒதுங்கிவிட்டான். இரண்டாம் நாள் கண்டல் மரங்களுக்குள் தம்பி கிடைத்தான்.

மரண விசாரணையில் ஹாஜியார் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "சோளகக் காத்து சேர். எனக்கு ஒண்டுமே கேக்கல்ல. பாங்கு சொன்னாங்க, உள்ளுக்குப் போய்த் தொழுதேன்." அப்படியே எழுதி, தண்ணீரில் மூழ்கிய விபத்து என்று முடித்தார்கள்.

அவருக்குக் கேட்டது. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, அதனால் இப்போது சொல்லவில்லை.

ஒன்றரை வருசம் நான் ஒன்றும் செய்யவில்லை. கடையைத் திறந்தேன், மூடினேன். பிறகு அவரே வந்தார். அந்த வருசம் அவருடைய மனைவி உம்மு குல்சூம் மௌத்தாகியிருந்தார். ஒரே மகள் நுஸ்ரா சிலாபத்தில் கல்யாணம் முடித்து அங்கேயே டீச்சராக இருந்தார். ஹாஜியார் கடைக் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்.

"தம்பி, நீங்க பொய் சொல்லி விக்கிற ஆள் இல்ல எண்டு சொல்றாங்க. எனக்கு அப்பிடி ஒராள்தான் வேணும்."

"என்ன செய்யணும் ஹாஜியார்?"

"பாட்டுக் கேக்கணும். பழைய பாட்டெல்லாம் நல்ல செட்டுல போட்டுக் கேக்கணும். எனக்கு இனி வேறென்ன இரிக்கி." எழும்பப் போகும்போது, "உங்கட தம்பிட விசயம் எனக்கு மறக்கல்ல" என்றார்.

தம்பியை அடக்கின ஜனாஸாவுக்கு அவர் வந்திருந்ததை நானும் மறக்கவில்லை. கேட்காத சத்தத்தை யாரும் மறக்காமல் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன். வாயால், "வாறேன் ஹாஜியார்" என்று சொன்னேன்.

பங்களாவில் ஓர் அறையை அதற்கென்று ஒதுக்கினோம். பாட்டுச் சத்தம் பள்ளிக்குப் போய்விடக் கூடாது என்பது அவருடைய கவலை. அதனால் கதவை இரட்டைக் கதவாக்கி, சுவருக்குப் பஞ்சு வைத்துப் பலகை அடித்தேன். உள்ளே குண்டு வெடித்தாலும் விறாந்தையில் கேட்காது. அந்த வேலையை நான் சுத்தமான மனதோடுதான் செய்தேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

முதல் தடவை அவர் சிங்கப்பூரிலிருந்து தருவித்த வயரைத் திரை போட்டுச் சோதித்தோம். தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற ஹோஸ் அளவு தடிப்பு. எதிரில் நான் வைத்தது வீட்டுக்கு லைட் இழுக்கிற சாதாரண வயர். இருபதில் பதினொன்று சொன்னார். முடிவைச் சொன்னதும், வகுப்பில் புள்ளி குறைந்த பிள்ளை மாதிரி முகம் வாடிப்போனது. "எனக்குக் காது இல்ல போல தம்பி" என்றார். "எல்லாருக்கும் இப்பிடித்தான் ஹாஜியார்" என்றேன்.

அடுத்த கிழமை வேறொரு வயர் கொண்டுவந்தார். அன்றைக்கு என்னிடம் ஒரு பிழை நடந்தது. சத்தத்தைச் சமப்படுத்தாமல் விட்டுவிட்டேன். புது வயர் பக்கம் ஒரு டெசிபல் கூட இருந்தது. ஒரு டெசிபலைச் சத்தம் கூடிவிட்டது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், சேர். நீங்களும் சொல்லமாட்டீர்கள். நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எது பழைய வயர், எது புது வயர் என்று அவர் இருபதுக்கு இருபதும் சரியாகச் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் கதிரையை விட்டு எழும்பி நிற்கிறார். "இதுல ஒரு வெளிச்சம் இரிக்கி தம்பி. பாடுற ஆள் முன்னுக்கு வந்து நிக்கிறாரு."

சாமானைக் கழற்றும்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். பிழை என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருசத் தொழிலில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டேன். உப்பளங்களைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வரும்போது எதிர்க்காற்று காதில் அடித்தது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எனக்குக் கோபம் இருக்கவில்லை. அவர் விசாரணையில் தனக்குக் கேட்கவில்லை என்று சொன்னார். அதை நான் உண்மையாக்க நினைத்தேன். அவ்வளவுதான்.

செய்த முறை சுலபமானது. அம்ப்ளிஃபையரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியில் வெள்ளைப் பெயின்றால் ஒரு புள்ளி வைத்தேன். "ஹாஜியார், உங்கட செட்டுக்கு இதுதான் சரியான இடம். இதைத் திருப்பினா எல்லாம் கலைஞ்சிடும்" என்றேன். அவர் கடைசி வரைக்கும் அதைத் தொடவில்லை. பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஒரு சாமான். வயரை நிலத்திலிருந்து தூக்கி வைக்கிற மரக்கட்டைகள், பெட்டிக்கு அடியில் வைக்கிற பித்தளை முளைகள், கரண்டைச் சுத்தப்படுத்துகிற பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோவேன். மரக்கட்டைகள் பாலாவியில் ஒரு தச்சரிடம் தென்னைமரத்தில் செய்வித்தவை. பெட்டிக்குள் ஒரு பல்பும் செங்கல்லும் இருந்தன. சாமானைப் பூட்டிவிட்டு, தூசி தட்டுகிறேன் என்று அம்ப்ளிஃபையரைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டரை மாற்றுவேன். திருகாணி அதே புள்ளியில்தான் நிற்கும். சத்தம் ஒரு டெசிபல் கூடியிருக்கும்.

அவருக்கு ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் தெரிந்தது. திரை போடச் சொல்லி அவரே கேட்பார். போடுவேன். பழைய அளவுக்கும் புது அளவுக்கும் இடையில் இருபதுக்குப் பத்தொன்பது, இருபது சொல்வார். "எனக்கு இப்ப காது திறந்திட்டு தம்பி" என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சோதனை பொய்யில்லை, சேர். அந்தத் தென்னங்கட்டைகள் பூட்டியபிறகு அவருடைய செட்டில் அளக்கக்கூடிய வித்தியாசம் இருந்தது. மீட்டரே காட்டியது.

தொடங்கும்போது அவருடைய கதிரையில் எண்பத்திரண்டு. வீதியில் லொறி போகிற அளவு. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் கேட்பார். எண்பத்தைந்துக்கு மேல் போனால் காதுக்குள் இருக்கிற மெல்லிய மயிர்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும். அவை திரும்ப முளைப்பதில்லை. இதெல்லாம் நான் படித்து வைத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருடைய காதையும் அளந்தேன். "செட்டை உங்கட காதுக்கு ஏத்த மாதிரி வைக்கணும் ஹாஜியார்" என்று ஹெட்போனை மாட்டிவிட்டு, மெல்லிய கூவல் சத்தங்களை ஒவ்வொன்றாக விடுவேன், அவர் கை தூக்குவார். அந்தக் கொப்பியும் உங்களிடம் இருக்கிறது. திகதி தவறாமல் எழுதியிருக்கிறேன். முதலில் போனது மெல்லிய கூர்மையான சத்தங்கள். குருவி, டெலிபோன் மணி, தூரத்தில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம். அவை போகப் போக, செட்டில் கூர்மை குறைகிறது என்று அவரே சொல்வார். அப்போது இன்னொரு டெசிபல் வைப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்தது.

ஸும்ராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுஸ்ராவின் மகள், அப்போது ஆறு வயது. பள்ளிக்கூட லீவுக்கெல்லாம் மூத்தாப்பாவிடம் வந்து நிற்பாள். இரண்டாவது வருசம் ஓகஸ்ட் லீவில் நான் போனபோது, அந்த அறையில் வலது ஸ்பீக்கருக்கு முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையை உள்ளுக்கு விட வேணாம் ஹாஜியார். ஆள் இருந்தா சத்தம் உடையும்" என்றேன்.

அவர் சிரித்தார். "பேத்தி இல்லாத பாட்டு எனக்கெதுக்கு தம்பி. முதல்ல காது கூசுது எண்டு சொன்னா. இப்ப பழகிட்டா."

நான் இரண்டாம் தடவையும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வேலைக்காரன் வீட்டுக்காரருக்கு என்ன சொல்ல முடியும். அந்த ஓகஸ்டில் நான் தொண்ணூற்று நான்கில் இருந்தேன். சத்தத்தைக் குறைத்திருக்கலாம்தான். குறைத்தால் ஒன்றரை வருச வேலை வீணாகியிருக்கும். லீவு நாட்கள் கொஞ்சம்தானே என்று கணக்குப் பார்த்தேன். வருசத்தில் மூன்று லீவு வரும் என்பதையும் அது இரண்டு வருசம் போகும் என்பதையும் அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அந்தப் பிள்ளை விசயத்தில் எனக்குக் கவலை இருக்கிறது. ஆனால் இரண்டு தடவை சொன்னேன் என்பதையும் நீங்கள் எழுத வேண்டும்.

நூறைத் தாண்டினபிறகு எல்லாம் கெதியாக நடந்தது. ஹாஜியார் ஆட்களின் வாயைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார். பள்ளிக்குப் பிந்திப் போனார். ஒரு நாள் விறாந்தையில் நான் ஈயம் வைத்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் கேட்டார்.

"பாங்கு சொல்லிட்டாங்களா தம்பி?"

சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"இன்னும் இல்ல ஹாஜியார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தேவையில்லாத பொய் அது. இந்த விசயம் முழுவதிலும் எனக்கு வெட்கமாக இருப்பது அது ஒன்றுதான்.

போன வருசக் கடைசியில் அவர் தானே முச்சக்கர வண்டி பிடித்துத் தில்லையடிக்கு வந்தார். கடைக்குள் வந்து இருந்துகொண்டு, தேவைக்கு மேல் சத்தமாகக் கதைத்தார். காது கேட்காதவர்கள் அப்படித்தான் கதைப்பார்கள்.

"தம்பி, செட்டுல சத்தம் கொறஞ்சி போச்சி. ஒருக்கா வந்து பாருங்க. பாட்டுக்கு மேல வேற ஒரு சத்தம் வருது. மழ பெய்ற மாதிரி."

"எப்ப வருது?"

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேப்பரில் எழுதிக் காட்டினேன்.

"எந்த நேரமும். செட்ட நிப்பாட்டினாலும் வருது. தூங்குறதுமில்ல. சில நேரம் மழ இல்ல தம்பி, ஆரோ தூரத்தில நிண்டு கூப்பிடுற மாதிரி இரிக்கி. நான் எழும்பி வெளிய போய்ப் பாக்கிறேன். ஒருத்தரும் இல்ல."

காது செத்தபிறகு அப்படி ஒரு இரைச்சல் வரும் என்று நான் படித்திருக்கிறேன். எல்லாருக்கும் வருமாம். ஆனால் கூப்பிடுகிற மாதிரி என்று அவர் தன் வாயாலேயே சொன்னார். அவராகவே ஒப்புக்கொண்டது மாதிரி இருந்தது. நான் எழுந்து அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் தலையில் கை வைத்து துஆ செய்தார். "என்னய ஏமாத்தாத ஆள் நீங்க ஒராள்தான்" என்றார். அந்தக் கிழமை போய்ச் செட்டைத் திறந்தேன். நூற்று நான்கு ஆக்கினேன். அதுதான் கடைசி.

நுஸ்ரா டீச்சர் கண்டுபிடித்தது இந்த வருசம். ஸும்ராவின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் காதைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவளுக்கு வலது காதில் கூர்மையான சத்தங்கள் கேட்கவில்லை, இடது காதிலும் குறைவு. சிலாபத்தில் டொக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். வீட்டில் பெரிய சத்தமுள்ள மெஷின் ஏதும் இருக்கிறதா என்று அவர் கேட்டாராம். டீச்சர் நேரே பங்களாவுக்கு வந்து, அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் சத்தம் அளந்து பார்த்திருக்கிறார். திருகாணி கால்வாசியில் நிற்கிறது, போன் நூற்றுச் சொச்சம் காட்டுகிறது. டீச்சர் படித்த பிள்ளை. வேறொரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து பெட்டியைத் திறக்க வைத்தார். உள்ளே ரெசிஸ்டர் மாற்றி மாற்றி ஈயம் வைத்த தடம் இருந்தது.

அவர் என் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. வாசலில் நின்றே கேட்டார்.

"நானா, அந்த ரூமில எத்தின டெசிபல் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம். நூத்தி நாலு."

"பிள்ளை உள்ளுக்கு இரிக்கிறது தெரியுமா?"

"ஓம். விட வேணாம் எண்டு சொன்னேன்."

"ஏன் எண்டு சொன்னீங்களா?"

"இல்ல."

"வாப்பா உங்களைப் பத்திக் கதைக்காத நாளில்ல" என்று சொல்லிவிட்டு டீச்சர் உங்களிடம் வந்துவிட்டார். நான் கடையைப் பூட்டவுமில்லை, ஓடவுமில்லை. நீங்கள் வரும்போது ஒரு ரேடியோவைத் திருத்திக்கொண்டிருந்தேன். அது உங்களுக்கே தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஹாஜியாருக்கு அன்றைக்குக் கேட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்.

நான் சோதித்துப் பார்த்தேன், சேர். தம்பியை அடக்கி இரண்டு கிழமைக்குப் பிறகு. ஹாஜியார் கொழும்புக்குப் போயிருந்த நாள் பார்த்து, கரை வழியாக நடந்துபோய் அவருடைய விறாந்தையில், அவருடைய கதிரையில் இருந்தேன். அதே மஹ்ரிப் நேரம், அதே சோளகம். யாகப்பு வேறொரு வள்ளத்தில் அதே இடத்துக்குப் போனான். அவனுக்குப் பயம், அழுதுகொண்டுதான் போனான். ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை, தம்பி கூப்பிட்ட மாதிரியே "நானா" என்று நாலு தரம் கூப்பிடச் சொல்லியிருந்தேன். கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாலு தரமும் கேட்டது. காற்றுக்கு மேலால், மெல்லியதாக, ஆனால் சந்தேகமில்லாமல். நான்காவது தரம் கேட்டபோது அந்தக் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன். இந்த இடத்தில் இருந்து கேட்டவர் உள்ளே போய்த் தொழுதிருக்கிறார்.

ஓம், எந்த நேரத்தில் கூப்பிடுவான் என்று எனக்குத் தெரியும். நேரம் குறித்துக் கொடுத்ததே நான்தானே. இல்லை, என்னோடு வேறு யாரும் இருக்கவில்லை. திரை போடவில்லை. கடலுக்கும் விறாந்தைக்கும் நடுவில் எப்படித் திரை போடுவது, சேர். மீட்டர் கொண்டுபோகவில்லை. தம்பியின் பெயரால் செய்கிற காரியத்துக்கு மீட்டர் எதற்கு. வயரைச் சோதிக்கிறதும் இதுவும் ஒன்றா.

யாகப்பு உங்களிடம் என்ன சொன்னான் என்று இப்போதுதான் நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதை நானும் சொல்வேன். கரைக்கு வந்ததும் அவனிடம், "நாலும் கேட்டுது யாகப்பு" என்றேன். அவன் குனிந்து வள்ளத்தைக் கட்டினான். எத்தனை தரம் கூப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. இரண்டாவது தரத்தோடு தொண்டை அடைத்துப்போய், அதற்கு மேல் கூப்பிடவில்லை என்று இப்போது சொல்கிறான். ஐந்து வருசத்துக்கு முந்திய விசயம், மறந்திருப்பான். நான் அந்தக் கதிரையில் இருந்து கேட்டவன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, காதைக் கொடுத்துக் கேட்டவன்.

நாலு என்றே எழுதுங்கள், சேர்.